மராயேயில் நடக்கும் மிஷன் கூடுகைக்குத் தொண்டராகப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூசிலாந்தில் சபைகளும் மிஷன் அமைப்புகளும் நடத்தும் கூடுகைகளில் பல மராயேயில் (நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் குல வளாகத்தில்) நடக்கின்றன, அல்லது மராயேயில் தொடங்குகின்றன. எங்கள் தமிழ் ஐக்கியத்திலிருந்து தொண்டு செய்யப் போகிறவர்கள் வேனில் ஏறும்வரை கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாவோரி மரபு இவிக்கு இவி (இவி என்றால் பெருங்குலம்) மாறும். நான் எழுதியதற்கும் அங்குள்ள பெரியவர் சொல்வதற்கும் வித்தியாசம் இருந்தால், பெரியவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

மராயேன்னா மாவோரிக்காரங்களோட சர்ச்சா?

இல்லை. மராயே என்பது ஒரு குலத்துக்குச் சொந்தமான இடம். செதுக்குவேலை செய்த பெரிய வீடு ஒன்று (ஃபரேநுயி), அதற்கு முன்னால் திறந்த முற்றம், பக்கத்தில் சாப்பாட்டுக் கூடமும் சமையலறையும் (ஃபரேகை). பல இடங்களில் அருகிலேயே கல்லறைத் தோட்டமும் இருக்கும். கல்யாணம், குலக் கூட்டம், சாவு எல்லாம் இங்கேதான்.

சர்ச் தனிக் கட்டடம். ஆனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கலாம். ரோட்டோருவா ஏரிக்கரையில் ஓஹினெமுத்து என்ற மாவோரி கிராமம் இருக்கிறது. அங்கே மராயேக்கு எதிரிலேயே செயின்ட் ஃபெய்த்ஸ் ஆங்கிலிகன் ஆலயம். அதன் கண்ணாடி ஜன்னலில் மாவோரிச் சால்வை போர்த்திய இயேசுவின் உருவம் பொறிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் அவர் ரோட்டோருவா ஏரியின் மேல் நடந்து வருவதுபோலத் தெரியும். ரோட்டோருவா பக்கம் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொண்டரா போனா என்ன வேலை தருவாங்க? பாட்டு டீம்ல, மேடையில எதாவது கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. உருளைக்கிழங்கு தோலுரிப்பது, பாத்திரம் கழுவுவது, மெத்தை அடுக்குவது, கழிப்பறை சுத்தம் செய்வது, வண்டி நிறுத்த வழிகாட்டுவது, வருகிறவர்களின் பெயர் பதிவது: வேலை இவைதான். பிள்ளைகள் பகுதியில் உதவ விரும்பினால் முன்கூட்டியே சொல்லுங்கள். போலீஸ் சரிபார்ப்பு கேட்பார்கள், அதற்கு நாளாகும்.

சமையலறை வேலையைக் குறைவாக நினைத்து யாரும் முகம் வாட வேண்டாம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆலயத் திருவிழாக்களில் அசனம் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஊரே கூடிக் காய் நறுக்கி, பெரிய அண்டாவில் சமைத்து, வந்தவர் எல்லாருக்கும் இலை போடுவது அங்கே ஆராதனையின் ஒரு பகுதி. மராயேயிலும் அப்படித்தான். விருந்தாளியின் வயிறு நிறையாவிட்டால் அந்தக் குலத்தின் பெயருக்கே குறை. முன்னால் நின்று அழகாகப் பேசும் பெரியவர்களில் பலர் இளம் வயதில் அந்தச் சமையலறையில் பாத்திரம் கழுவி வளர்ந்தவர்கள். கடைசி நாள் பிரியாவிடையின்போது சமையல்காரர்களை வெளியே அழைத்து, எழுந்து நின்று பாடி நன்றி சொல்வார்கள். எத்தனையோ கன்வென்ஷன்களில் நாம் செய்யத் தவறும் காரியம் இது.

போஃபிரி எவ்வளவு நேரம் ஆகும்? நான் கிச்சன் வேலைக்குத்தானே வரேன், அதுக்கும் நிக்கணுமா?

போஃபிரி என்பது முறையான வரவேற்பு. அரை மணியிலும் முடியலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். முதல் முறை வருகிறவர் யாராக இருந்தாலும் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஏற்பாடு செய்ய முந்தின நாளே போகும் தொண்டர்களுக்குச் சில இடங்களில் தனியாகச் சுருக்கமான வரவேற்பு நடக்கும். எப்போது, எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகப் பின்வாசல் வழியே சமையலறைக்குள் போய்விடக் கூடாது.

நடப்பது இப்படி. விருந்தாளிகள் எல்லாரும் வாசலில் சேர்ந்து நிற்பார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் உயர்ந்த குரலில் அழைப்பார், அது கரங்கா. நம் பக்கத்திலிருந்து ஒரு பெண் பதில் குரல் கொடுப்பார். மெதுவாக, கூட்டமாக நடந்து போக வேண்டும். நடுவில் சற்று நிற்பார்கள். இரு பக்கத்திலும் இறந்துபோனவர்களை நினைக்கும் நேரம் அது, போனை எடுக்கக் கூடாது. உட்கார்ந்ததும் பேச்சுகள், ஒவ்வொரு பேச்சுக்குப் பின்னாலும் ஒரு பாட்டு. பிறகு கோஹா (அன்பளிப்பு), ஹோங்கி (மூக்கோடு மூக்கு வைக்கும் வாழ்த்து), கடைசியில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்த பின்தான் நீங்கள் அந்நியர் என்ற நிலை முழுதாக நீங்கும். அப்புறம் ஏப்ரன் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

‘இது முடியட்டும், மீட்டிங் எப்போ ஆரம்பிக்கும்?’ என்று வரிசையில் யாராவது முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது மனவருத்தம் தரும். முன்பின் அறியாத இரண்டு கூட்டத்தார் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வது, துக்கத்தைப் பகிர்வது, கீழே சொல்லப்போகும் வரலாற்றைச் சுமந்துகொண்டே சமாதானமாக ஒரே பந்தியில் உட்காருவது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. மீட்டிங் வாசலிலேயே ஆரம்பித்தாயிற்று.

ஒவ்வொரு பேச்சுக்கும் பாட்டுன்னா, எங்களுக்கு மாவோரிப் பாட்டு தெரியாதே?

நம் பக்கத்துப் பேச்சாளர் முடித்ததும் நாம் எழுந்து அவர் பின்னால் நின்று பாட வேண்டும். சுருக்கமான பாட்டாக ஒன்றை ஒருங்கிணைப்பாளர் முன்பே அனுப்புவார். அன்பு, விசுவாசம், சமாதானம் பற்றிய நான்கு வரிப் பாட்டு ஒன்று பல பள்ளிகளில் பழக்கத்தில் உண்டு, வேனில் போகும்போதே கற்றுவிடலாம். தமிழ்க் கீர்த்தனை ஒன்றைப் பாட அனுமதி கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்.

மூக்கோட மூக்கு வைக்கணுமாமே? ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாருமா? எனக்குக் கூச்சமா இருக்கு.

ஆமாம், எல்லாரும்தான். அதுதான் ஹோங்கி. வலது கையைக் குலுக்கிக்கொண்டே நெற்றியையும் மூக்கையும் மெல்ல வைத்து ஒரு கணம் நிற்பது. உரசக் கூடாது. கண்ணை மூடிக்கொள்ளலாம். மூச்சைப் பகிர்வதுதான் இதன் உள்ளர்த்தம். மாவோரி கிறிஸ்தவர்கள் பலர் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் தேவன் மனிதனின் நாசியில் ஜீவசுவாசத்தை ஊதியதை இதோடு சேர்த்துச் சொல்வார்கள்.

சளி, காய்ச்சல் இருந்தாலோ மனம் ஒப்பவில்லை என்றாலோ சற்றுத் தள்ளி நின்று கையை மட்டும் நீட்டிப் புன்னகையுங்கள். புரிந்துகொள்வார்கள்.

கோஹான்னா காணிக்கையா? தலைக்கு எவ்வளவு?

கோஹா விருந்தாளிகள் கொண்டுவரும் அன்பளிப்பு. பெரும்பாலும் உறையில் பணம். எல்லாரிடமும் திரட்டி ஒரே உறையாகக் கொடுப்பார்கள், கடைசிப் பேச்சாளர் அதைத் தரையில் வைப்பார். நீங்கள் தனியாக எழுந்து கொடுக்க வேண்டியதில்லை. நிர்ணயத் தொகை கிடையாது. ஆனால் மின்சாரம், சாப்பாடு, மெத்தை, வெந்நீர் எல்லாவற்றுக்கும் மராயேக்குச் செலவு இருக்கிறது. தாராளமாகவே கொடுங்கள்.

என்ன உடுத்தணும்? சேலை பரவாயில்லையா?

தாராளமாக. வரவேற்புக்குப் பெண்கள் முழங்காலுக்குக் கீழே வரும் பாவாடை அல்லது சேலை, ஆண்கள் நீளக் கால்சட்டை, சட்டை. சமையலறைக்குப் பழைய உடை ஒரு ஜோடி. சுலபமாகக் கழற்றும் செருப்பு அவசியம், ஏனென்றால் பெரிய வீட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது.

எல்லாரும் ஒரே ஹால்ல படுக்கணுமா? என்னென்ன செய்யக் கூடாது?

ஆமாம், பெரிய வீட்டுக்குள் சுவர் ஓரமாக மெத்தை போட்டு ஆணும் பெண்ணும் குடும்பங்களுமாகப் படுப்பார்கள். குறட்டைச் சத்தத்துக்குக் காதில் அடைக்கப் பஞ்சு கொண்டுவாருங்கள். உடை மாற்றக் குளியலறைப் பக்கம் போங்கள்.

தலை மிகப் புனிதமானது என்பது மாவோரிகளின் எண்ணம். பல விதிகள் அதிலிருந்து வருகின்றன. தலையணை மேல் உட்காரக் கூடாது. படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது. பிறர் தலையைத் தொடக் கூடாது, சின்னப் பிள்ளைகளைத் தலையில் தட்டிக் கொஞ்சும் நம் பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும். பெரிய வீட்டுக்குள் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது, பிள்ளைகளின் பிஸ்கட் பாக்கெட்டும் சேர்த்துத்தான்.

கிச்சன்ல தனியா எதாவது விதி இருக்கா?

இருக்கிறது. உணவு தொடர்பானதும் உடம்பு தொடர்பானதும் கலக்கவே கூடாது. சாப்பாட்டு மேசை மேல் உட்காரக் கூடாது, தொப்பியையோ கைப்பையையோ அதன் மேல் வைக்கவும் கூடாது. பாத்திரம் துடைக்கும் துணியை உடுப்புகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. பாத்திரம் கழுவும் தொட்டியில் கை கழுவாதீர்கள், அதற்கு வேறு இடம் இருக்கும். ஜெபம் முடியும்வரை யாரும் வாயில் எதையும் போட மாட்டார்கள். முதியவர்களுக்கு முதல் பந்தி.

கடைசியாக ஒன்று: சமையலறைக்கு ஒரு தலைவி இருப்பார். ‘ஆன்ட்டி’ என்றே எல்லாரும் அழைப்பார்கள். அவர் சொல்தான் அங்கே சட்டம். நம் சபையில் நீங்கள் மூப்பராக இருந்தாலும் சரி.

ஹாங்கி சாப்பாடு நமக்கு ஒத்துக்குமா? நான் சைவம்.

ஹாங்கி என்றால் குழி தோண்டி, நெருப்பில் நன்றாகச் சூடேற்றிய கற்களைப் போட்டு, மேலே கூடைகளில் இறைச்சியும் காய்களும் அடுக்கி, ஈரத்துணியால் மூடி, மண் போட்டு மூன்று நான்கு மணி நேரம் வேகவைப்பது. ஆடு, பன்றி, கோழி, உருளைக்கிழங்கு, பூசணி, முட்டைக்கோஸ், அப்புறம் கூமரா என்ற சர்க்கரைவள்ளிக் கிழங்கு. காரமே இருக்காது. மண்ணும் புகையும் கலந்த ஒரு வாசம் வரும்.

சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், தனிக் கூடை வைக்க முடியும். குழியை மூடிய பிறகு சொன்னால் பயனில்லை. விடியுமுன் எழுந்து கல் சூடேற்றும் குழுவில் சேர வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள், பெரியவர்கள் மனம்விட்டுப் பேசுவது அந்த நெருப்பைச் சுற்றித்தான்.

பொம்பளைங்களைப் பின்னாடி உட்கார வைக்கிறாங்க, பேச விடறதில்லைன்னு சொல்றாங்களே?

போஃபிரி பற்றிய பதிலை மறுபடி பாருங்கள்: முதல் குரல் பெண்ணுடையது. அந்த அழைப்பு இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது. முற்றத்தில் நின்று பேசுவது பல இவிகளில் ஆண்களின் பொறுப்பு, முன் பெஞ்சும் பேச்சாளர்களுக்கானது. கிழக்குக் கரையிலுள்ள ஙாத்தி போரோ போன்ற இவிகளில் பெண்களும் முற்றத்தில் பேசிய மரபு உண்டு. வரவேற்பு முடிந்து வீட்டுக்குள் போனபின் ஆணும் பெண்ணும் சமமாகப் பேசுவார்கள். மாவோரிப் பெண்களே இதைப் பற்றித் தங்களுக்குள் விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்வது விருந்தாளியின் வேலை இல்லை.

அறிமுகம் செய்யும்போது மலை, ஆறு பேர் சொல்லணுமாமே? நான் என்ன சொல்றது?

இரவில் பெரிய வீட்டுக்குள் சுற்று வரும். மாவோரிகள் தங்கள் மலை, ஆறு, மூதாதையர் வந்த படகு, இவி, கடைசியில் தங்கள் பெயர் என்ற வரிசையில் சொல்வார்கள். நீங்கள் பொதிகையையும் தாமிரபரணியையும் சொல்லலாம், வைகையைச் சொல்லலாம், யாழ்ப்பாணத்தவர் கடலைச் சொல்லலாம். பேரன் பேத்திகளோடு இங்கே குடியேறியவராக இருந்தாலும் ஆக்லாந்து மலை ஒன்றை ‘என் மலை’ என்று சொல்ல வேண்டாம். அந்த மலைக்குச் சொந்தக்காரர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கலாம். ‘அந்த மலையின் நிழலில் வாழ்கிறேன்’ என்று சொன்னால் மரியாதையாக இருக்கும்.

செத்தவங்களோட பேசுறாங்க, சுவர் முழுக்க நாக்கை நீட்டின சிற்பம். இது நம்ம விசுவாசத்துக்கு விரோதம் இல்லையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பதில் தவறே இல்லை, மனச்சாட்சியோடுதான் கேட்கிறார்கள். அந்த வீடு ஒரு மூதாதையரின் உடலாகக் கருதப்படுகிறது. உத்தரம் முதுகெலும்பு, சாய்ந்த மரங்கள் விலா எலும்புகள், முகப்பில் விரிந்திருப்பவை கைகள். சுவர்ச் சிற்பங்கள் குலத்தின் முன்னோர்கள். வம்சவரலாற்றை மத்தேயு முதல் அதிகாரம் எழுத்தில் வைத்தது, இவர்கள் மரத்தில் வைத்தார்கள். யாரும் அவற்றுக்குப் படைப்பதோ விழுந்து கும்பிடுவதோ இல்லை. நீட்டிய நாக்கு வீரத்தின், சவாலின் அடையாளம்.

பேச்சுகளில் இறந்தவர்களை நேராக விளித்து ‘போய் வாருங்கள்’ என்று விடை கொடுப்பார்கள். அதன் பின் இறந்தவர்கள் இறந்தவர்களோடு, உயிரோடு இருப்பவர்கள் உயிரோடு இருப்பவர்களோடு என்று பிரித்துச் சொல்லிவிட்டு நம்மை வரவேற்பார்கள். அதை நான் துக்கமும் மரியாதையுமாகத்தான் கேட்கிறேன், வணக்கமாக அல்ல. மாவோரி விசுவாசிகளிடையேயும் சில சடங்குகளைத் தவிர்க்கிறவர்கள் உண்டு, முழு மனதோடு செய்யும் ஆயர்களும் உண்டு.

உங்கள் மனம் உறுத்தினால் போகுமுன் உங்கள் ஆயரிடமும், முடிந்தால் மாவோரி ஆயர் ஒருவரிடமும் பேசுங்கள். ஒரு காரியம் மட்டும் வேண்டவே வேண்டாம்: வீட்டைச் சுற்றி வந்து ‘அசுத்த ஆவிகளைக் கட்டி’ ஜெபிப்பது. அடைக்கலம் கொடுத்தவரின் காதுபட அவருடைய பாட்டனைப் பேய் என்று சொல்வது அது. அப்படிச் செய்தபின் சுவிசேஷம் பேச எந்த முகத்தோடு நிற்பீர்கள்?

மிஷனெரிகளும் வெள்ளைக்காரங்களும் சேர்ந்துதானே நிலத்தைப் பிடுங்கினாங்க? பின்ன எப்படி மாவோரிகள் கிறிஸ்தவங்களா இருக்காங்க?

முழுக்கதை அவ்வளவு எளிதாக ஒரு வரியில் அடங்காது. இங்கிலாந்தின் ஆங்கிலிகன் மிஷன் சங்கமான சர்ச் மிஷனரி சொசைட்டி, பின்னாளில் திருநெல்வேலி மிஷனெரியான ரேனியஸ் ஐயரைச் சென்னைக்கு அனுப்பிய அதே 1814-ல், அதன் சார்பில் சாமுவேல் மார்ஸ்டன் நியூசிலாந்தின் வடக்கே ஓஇஹி கடற்கரையில் கிறிஸ்துமஸ் நாளில் பிரசங்கித்தார். அவரை அழைத்துப் பாதுகாப்புக் கொடுத்தவர் ருவாத்தாரா என்ற மாவோரித் தலைவர். பழைய படகு ஒன்றைக்கொண்டு பிரசங்க மேடை அமைத்து, ஆங்கிலப் பிரசங்கத்தை மக்களுக்கு விளக்கியவரும் அவரே. அதாவது முதல் ஆராதனையே மாவோரிகளின் விருந்தோம்பலில்தான் நடந்தது. பிறகு மாவோரி புதிய ஏற்பாடு 1837-ல் அச்சாகி வந்தது.

அதைப் பரப்பியவர்களில் மாவோரிகளே அதிகம். தாரோரே என்ற சிறுமியின் கதையைக் கட்டாயம் கேட்பீர்கள். 1836-ல் எதிரிக் குலத்தார் அவளைக் கொன்று, அவள் வைத்திருந்த லூக்கா சுவிசேஷத்தை எடுத்துப் போனார்கள். அவள் தந்தை ஙாக்குக்கு பழிவாங்க மறுத்தார். புத்தகத்தை எடுத்துப்போன ஊயிட்டா, வேறொருவர் அதை வாசித்துக் காட்டக் கேட்டு மனம் திரும்பினார். வாசித்த ரிப்பாஹாவ் தெற்கே ஓத்தாக்கிக்குப் போய் அங்குள்ள தலைவர்களின் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். மிஷனெரி அங்கே வந்து சேர்ந்தது அதன் பிறகுதான்.

கசப்பான பக்கமும் உண்மை. பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையிலான 1840-ன் வைத்தாங்கி உடன்படிக்கையை மாவோரியில் எழுதியவர்கள் மிஷனெரி ஹென்றி வில்லியம்ஸும் அவர் மகனும். மிஷனெரிகளை நம்பியே பல தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். 1863-ல் அரசுப் படைகள் மாவோரிகள் மேல் தொடுத்த வைக்காட்டோ போர், பிறகு அந்தப் பகுதியில் மட்டும் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் மாவோரி நிலம் பறிமுதல். அந்தப் படையோடு குருவாகப் போன ஆங்கிலிகன் பிஷப் செல்வினை மாவோரிகள் பலர் மன்னிக்கவில்லை. தவ்ரங்காவில் மிஷன் வசம் இருந்த நிலம் 1867-ல் அரசுக்குக் கைமாறியது, அதற்காக ஆங்கிலிகன் திருச்சபை 2018-ல் அந்த நிலத்துக்குரிய குலத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது. பலர் மிஷன் சபைகளை விட்டு விலகி ரிங்கத்து, ராத்தனா போன்ற தங்கள் சொந்தச் சபைகளில் வேதத்தைக் காத்தார்கள். ஆங்கிலிகன் சபைக்குள் முதல் மாவோரி பிஷப் வர 1928 ஆனது. இதெல்லாம் தெரிந்தே அவர்கள் நம்மை ஹோங்கிக்கு அழைக்கிறார்கள். தெரியாமல் போய் நிற்காதீர்கள்.

ஹாக்கா ஆடச் சொல்வாங்களா? வீடியோ எடுக்கலாமா?

ஹாக்கா மாவோரிகளின் வீர நடனம். கற்றுக்கொடுத்தால் முழு மனதோடு ஆடுங்கள். நீங்களாக விளையாட்டுக்கு நாக்கை நீட்டி ஆடி ரீல்ஸ் போடாதீர்கள். வரவேற்பையும் வீட்டின் உட்புறத்தையும் படம் எடுக்க அனுமதி கேட்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் எடுக்கவே கூடாது. அங்கிருந்து வெளியே வரும்போது வாசலில் தண்ணீர் வைத்திருப்பார்கள், கை கழுவிவிட்டு வாருங்கள்.

இந்தியாவிலிருந்து என் தம்பி இதுக்காக வரலாமா? விசிட்டர் விசா போதுமா?

கவனம் தேவை. நியூசிலாந்துச் சட்டத்தில் சம்பளம் மட்டுமல்ல, பணமதிப்புள்ள பலன் எதைப் பெற்றுச் செய்தாலும் அது வேலை. இலவசத் தங்குமிடமும் சாப்பாடும் அதில் வரக்கூடும். கூடுகைக்கு வந்துபோவது வேறு, வாரக்கணக்கில் தங்கித் தொண்டு செய்வது வேறு. குடிவரவுத் துறையிடம் விவரத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டு விண்ணப்பிக்கட்டும்.

ஊறுகாய், கறிவேப்பிலை, விதைகள், மண் ஒட்டிய ஷூ எதுவாக இருந்தாலும் நாட்டுக்குள் நுழையுமுன் நிரப்பும் பயணி அறிவிப்பில் தெரிவிக்கச் சொல்லுங்கள். அறிவித்தால் அதிகபட்சம் பொருள் போகும். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம்.

தமிழருக்கும் மாவோரிக்கும் எதாவது பழைய தொடர்பு உண்டா?

மாவோரி புதிய ஏற்பாட்டை அச்சடித்த மிஷனெரி வில்லியம் கொலன்சோ, 1830-களில் ஃபாங்காரே பக்கம் மாவோரிகள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். அது உடைந்த கப்பல் மணி. அதில் தமிழ் எழுத்து இருந்தது: முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று. எப்படி அங்கே வந்தது என்பதற்கு இன்றுவரை முடிவான விடை இல்லை. இப்போது வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறிமுகச் சுற்றில் இதைச் சொல்லுங்கள், கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கூடுகை நடக்கும்போது அந்தக் குலத்துல யாராவது இறந்துட்டா என்ன ஆகும்?

சாவுக்குத்தான் முதல் இடம். உடலை மராயேக்குக் கொண்டுவந்து பெரும்பாலும் மூன்று நாள் வைத்திருப்பார்கள். எவ்வளவு பெரிய கூடுகையாக இருந்தாலும் பக்கத்துப் பள்ளிக்கோ வேறு மராயேக்கோ மாற வேண்டிவரும், நாள் தள்ளியும் போகலாம். பணம் கட்டினோமே என்று யாரும் பேச வேண்டாம். ஒருங்கிணைப்பாளர் சொல்லும் இடத்துக்கு மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு போங்கள். சமையலறைக்கு ஆள் தேவையா என்று ஆன்ட்டியிடம் கேளுங்கள். துக்கத்துக்கு வரும் நூற்றுக்கணக்கானவர்களுக்கும் சாப்பாடு போட வேண்டியிருக்கும், வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.